பாடினவர் பேரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

செங்கல்பட்டில் ஜிஎஸ்டி சாலையோரம் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். ரிசெப்ஷனில் பந்தி பாதி நடக்கும்போது மெல்லிசைக் குழு ‘சுராங்கனி’யை எடுத்துவிடும். தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஆடுவார்கள். எனக்கும் கால் நிற்காது. ஆனால் அதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து அறிவிக்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது. ஒரு மேடையில் இளையராஜா ஹிட் என்கிறார்கள், இன்னொரு மேடையில் சென்னை கானா என்கிறார்கள். சிலோன் மனோகர் என்ற பெயர் மட்டும் யார் வாயிலும் வருவதில்லை.

இளையராஜா என்று சொல்வதற்காவது ஒரு காரணம் இருக்கிறது. 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு அவர்தான் இசை. அதில் இந்தப் பாட்டை மலேசியா வாசுதேவன் பாடினார், பட்டிதொட்டியெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் படத்துக்கு முன்பே அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ஏ. ஈ. மனோகரன், அதாவது அந்த சிலோன் மனோகர். ஈழத்துத் தமிழர். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்டவர். பிறகு சென்னைக்கு வந்து சினிமாவிலும் சீரியலிலும் நடித்தார். 2018 ஜனவரி 22 அன்று சென்னையில்தான் காலமானார். நம் பக்கத்திலேயே இருந்தவரைத்தான் இப்படி மறந்துவிட்டோம்.

மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டுகளில் நடப்பது இதைவிடக் கொடுமை. சுராங்கனி ஒரு பைலா. போர்த்துகீசியர் விட்டுப்போன ஆட்டமும் இலங்கைத் தாளமும் கலந்து உருவான இசை அது. ஆறெட்டில் உருண்டு வரும் அந்த நடைதான் இடுப்பை அசைக்கும். டிஜே அதை எடுத்து நாலு நாலாக வெட்டி, தொம் தொம்மென்று இடிக்க விடுகிறார். உருட்டல் போனபின் பைலா ஏது? இத்தனைக்கும் அது ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருப்பதைச் சொல்லும் பாட்டு. கொக்கிலமேட்டிலும் தேவநேரியிலும் வலை இழுக்கிறவர்கள் சொந்தம் கொண்டாட வேண்டியது. ரிசார்ட் ஸ்பீக்கரில் அந்த மீனும் தெரிவதில்லை, அந்தப் பெண்ணும் தெரிவதில்லை.

நித்தி கனகரத்தினத்துக்கு நடந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். 1960களில் ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று தானே எழுதித் தானே பாடியவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். இந்தப் பாட்டுகளையும் பலர் மனோகர் பாட்டு என்றே நினைக்கிறார்கள். மனோகரும் அவற்றை மேடைகளில் பாடிப் பரப்பினார், அது நல்ல காரியம். ஆனால் எழுதியவர் நித்தி. நம் குழுக்கள் அவர் பேரையும் விட்டுவிட்டு, அந்த யாழ்ப்பாணப் பேச்சையும் சென்னைப் பேச்சாக மாற்றிப் பாடுகின்றன. ‘சின்ன மாமியே’வில் மகள் எங்கே என்று அவள் தாயிடமே விசாரிக்கும் குறும்பு அந்த ஊர்ப் பேச்சில்தானே இருக்கிறது! கள்ளுக்கடைப் பாட்டோ, குடிக்கப் போகாதே என்று ஒருவனைக் கெஞ்சுகிற பாட்டு. அதைப் போட்டுவிட்டு கிளாஸைத் தூக்கி ஆடுகிறார்கள். வரிகளைக் காது கொடுத்துக் கேட்கவே மாட்டோமா?

மறுபடி பாடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாடப் பாடத்தான் பாட்டு உயிரோடு இருக்கும். கல்யாணக் கொண்டாட்டத்தில் பாடுவதற்கு உரிமத் தொகை கட்ட வேண்டாமென்று நம் பதிப்புரிமைச் சட்டமே விலக்குத் தருகிறது. அதே 1957ஆம் வருடச் சட்டத்தில் 57ஆம் பிரிவு, படைத்தவர் தன் படைப்புக்கு உரிமை கோரலாம் என்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, சட்டப்படியான உரிமத்தில் கவர் வெர்ஷன் பதிவு செய்து விற்கிறவர், அது கவர் வெர்ஷன் என்று உறையிலேயே போட வேண்டும். ஒலிப்பதிவுக்கு இத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, மேடையில் பெயரைச் சொல்ல நமக்கென்ன தயக்கம்? பணம் வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம், அரை நிமிஷம் போதும்.

கீபோர்டு ஸ்டாண்டில் பாட்டு வரிசைத் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் சுராங்கனிக்குப் பக்கத்தில் ஏ. ஈ. மனோகரன் என்றும், சின்ன மாமியேவுக்குப் பக்கத்தில் நித்தி கனகரத்தினம் என்றும் எழுதி வையுங்கள். அறிவிக்கிறவர் அதைப் பார்த்தாவது படிக்கட்டும்.