தூர தேசத்துக் குடித்தனம்: வெள்ளைப் புருவக் குருவி

அமெரிக்காவில் கொலராடோ மலைப்பக்கம் குடித்தனம் செய்கிறவர்களுக்குப் பனிக்காலத்தில் பேச்சுத் துணை பறவைகள்தான். டென்வர் நகரமே 5,280 அடி உயரம். அதற்கும் மேற்கே, மலையில் ஏறக்குறைய 8,000 அடியில் எங்கள் வீடு. நவம்பர் கடைசியில் கரடிகள் தூங்கப் போன பிறகுதான் இங்கே பறவைகளுக்குத் தீனிப்பெட்டி தொங்க விடலாம். முன்னாலேயே மாட்டினால் கரடி பெட்டியோடு இழுத்துக்கொண்டு போய்விடும்!

எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் கறுப்புச் சூரியகாந்தி விதை. மற்றதில் என்ன தெரியுமோ? நம் பேயெள்ளு! இந்தியாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இங்கே முளைத்துக் களையாகிவிடக் கூடாதென்று சூடு காட்டித்தான் விற்கிறார்கள்.

விதை உடைக்கிற தடித்த மூக்குள்ள குருவிகளுக்கு ஃபிஞ்ச் என்று பெயர். எங்கள் பக்கம் சாதாரணமாக வருகிறவை ஹவுஸ் ஃபிஞ்ச், காஸின்ஸ் ஃபிஞ்ச் என்று இரண்டு. மூன்றாவது பர்ப்பிள் ஃபிஞ்ச். அதற்குச் சொந்த ஊர் கனடாக் காடுகளும், அமெரிக்காவின் வடகிழக்கும், பசிபிக் கரையும். வடக்கே காட்டில் விதை விளைச்சல் பொய்த்த வருஷம் தெற்கே கிளம்பும். அப்படியும் கொலராடோவுக்கு வருவது அபூர்வம்.

மூன்றிலும் ஆணுக்குச் சிவப்பு, பெண்ணுக்குப் பழுப்பு. எல்லோரும் சிவப்பைப் பார்த்துத்தான் பெயர் சொல்லப் பார்ப்பார்கள். அது உதவாது. தின்கிற தீனியைப் பொறுத்துச் சிவப்பே ஆரஞ்சாக, மஞ்சளாகக்கூட மாறும். போதாததற்கு, காஸின்ஸிலும் பர்ப்பிளிலும் ஆண் குஞ்சுகள் முதல் பனிக்காலம் முழுக்கப் பழுப்பாகவே இருக்கும். புடவைக் கடையில் கலரில் மயங்காமல் கரையையும் நெசவையும் பார்ப்போமே, அந்த மாதிரிதான் பார்க்க வேண்டும்.

பழுப்புக் குருவியானால் முதலில் முகம். ஹவுஸ் ஃபிஞ்சுக்கு முகத்தில் ஒரு அடையாளமும் இராது. காஸின்ஸுக்குக் கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம், மார்பில் பேனா முனையால் இழுத்தாற்போல் மெல்லிய கோடுகள், நீண்ட நேரான மூக்கு. பர்ப்பிளுக்குக் கண்ணுக்கு மேல் பட்டையான வெள்ளைப் புருவம், கன்னத்தில் கரும்பழுப்புத் திட்டு. கோடுகளும் தடிமனாக இருக்கும். வாலுக்கு அடிப்பக்கம் பெரும்பாலும் கோடில்லாமல் வெளுப்பாக இருக்கும்.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை, சூரியகாந்திப் பெட்டியில் அந்த வெள்ளைப் புருவம் வந்து உட்கார்ந்தது! பையன் ஜன்னல் வழியாகவே பத்துப் படம் எடுத்துவிட்டான். பக்கத்து வீட்டு அம்மாள் முப்பது வருஷமாகப் பறவை பார்க்கிறவர். முகம், மார்பு, வாலின் அடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சந்தேகமே இல்லை, பர்ப்பிள்தான்" என்றார். சனிக்கிழமை அவருடைய சிநேகிதர்கள் ஏழெட்டுப் பேர் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. ஏலக்காய் டீயும் பஜ்ஜியும் போடலாம் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் பேயெள்ளுப் பெட்டியடியில் ஒரு பைன் சிஸ்கின். அதுவும் ஃபிஞ்ச் இனம்தான், சின்னக் குருவி. பஞ்சு உருண்டை மாதிரி உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போனேன், பறக்கவில்லை. மறுநாள் காலை அங்கேயே செத்துக் கிடந்தது.

இது சால்மொனெல்லா கிருமியாக இருக்கலாம். எச்சத்தின் மூலம் பரவும். கூட்டம் கூடித் தின்கிற இடத்தில் ஒன்று படுத்தால் பத்துக்கு ஒட்டிக்கொள்ளும். 2021-ல் இப்படித்தான் சிஸ்கின்கள் ஏராளமாக மடிந்தன. காட்டுப் பறவைகளிடமிருந்து பரவிய அதே கிருமியால் அந்த வருஷம் 12 மாநிலங்களில் 29 பேருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் கண்டு, அவர்களில் 14 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் பெட்டிகளை இரண்டு வாரமாவது இறக்கி வைக்க வேண்டும் என்பது இங்கே நிபுணர்கள் சொல்கிற முறை.

"அம்மா, சனிக்கிழமை வரைக்கும் இருக்கட்டுமே. எல்லாரும் வராங்களே" என்றான் பையன். இவரும், "ஒரு நாள்தானே?" என்றார். எனக்கும் ஆசை இல்லாமலா? ஆனால் அந்த அபூர்வக் குருவியும் அதே இடத்தில்தானே தின்கிறது! வந்த விருந்தாளிக்கு விஷம் பட்ட இலையில் சாதம் போடுவோமா? இரண்டு பெட்டிகளையும் இறக்கினேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னதும், மறுபேச்சில்லாமல் போய்த் தன் வீட்டுப் பெட்டிகளையும் இறக்கினார். வருகிறவர்களுக்கும் அவரே போன் செய்து சொல்லிவிட்டார்.

வெள்ளைப் புருவம் அப்புறம் எங்கள் கண்ணில் படவில்லை. பட்டினி கிடக்குமே என்று கவலைப்பட வேண்டாம். காட்டு விதைகளையும் மொட்டுகளையும் தின்று வளர்ந்த ஜீவன் அது. பெட்டி வைப்பது பெரும்பாலும் நம் சந்தோஷத்துக்குத்தான்.

நம் ஊரில் மாடியில் குருவிக்குத் தானியமும் தண்ணீரும் வைக்கிற சகோதரிகளும் இதைக் கவனியுங்கள்:

* பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வெளியே வைத்து, கையுறை போட்டுச் சோப்புத் தண்ணீரால் தேயுங்கள்.
* பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிஷம் ஊற விடுங்கள். நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே தானியம் போடுங்கள்.
* கீழே சிந்திய உமியையும் எச்சத்தையும் கூட்டி அள்ளுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.
* செத்த பறவையை வெறும் கையால் தொடாதீர்கள். குழந்தைகளையும் பூனையையும் தள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
* உப்பிக்கொண்டு, நகராமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் அன்றைக்கே தீனியை எடுத்து விடுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.