ஃபிரிட்ஜ் பத்தாயம் அல்ல

இன்று என் வயதுக்காரர்களோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சண்டை முதலில் என் வீட்டிலேயே நடந்து முடிந்துவிட்டது; தோற்றவனும் நான்தான்.

எங்கள் ஃபிரிட்ஜில் ஞாயிற்றுக்கிழமை வைத்த சாம்பார் வியாழக்கிழமையும் இருக்கும். பக்கத்தில் பாதிக் கிண்ணம் ரசம், எப்போது ஆட்டியது என்று தெரியாத மாவு, அடியில் மூடி திறக்காத ஒரு டப்பா. "கொட்டிடேன்" என்றால், "அன்னத்தைக் கொட்டறதாவது! மகாலட்சுமி போயிடுவா" என்பாள் என் மனைவி. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அறுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டைப் பார்த்த தலைமுறை நாம். கை வராது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். தஞ்சாவூர்க்காரனுக்கு ஈரப்பதம் பற்றி யாராவது பாடம் நடத்த வேண்டுமா? கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறோம், மறியல்கூடச் செய்கிறோம். பத்தாயத்தில் போடும் நெல்லை அதற்கும் மேல் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்த்துத்தான் கொட்டினார்கள் நம் பாட்டிகள். நெல் மாதக்கணக்கில் கெடாமல் கிடந்தது காய்ந்திருந்ததால்தான். அதே வீட்டில் ஆக்கிய சோற்றையோ குழம்பையோ யாரும் பத்தாயத்துக்குள் வைக்கவில்லையே! இன்று முக்கால்வாசி தண்ணீரான சாம்பாரை ஒரு வெள்ளைப் பெட்டியில் வைத்துவிட்டு, "உள்ளே இருக்கு, கெடாது" என்கிறோம்.

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது எங்கள் முசியே இரண்டு பேரைப் பற்றி அலுக்காமல் சொல்வார். நிக்கோலா அப்பேர், உணவைப் புட்டியில் அடைத்து மூடி வெந்நீரில் கொதிக்கவைத்தால் கெடாது என்று காட்டி, 1810இல் அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கியவர். அது ஏன் கெடவில்லை என்பதைப் பிறகு விளக்கியவர் லூயி பஸ்தேர்: கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். கொதி அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. குளிர் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. கரண்ட் போனால் எழுந்துகொள்ளும்.

கஜா புயல் வந்த 2018இல் கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. ஃபிரிட்ஜ் நாறியது, எல்லாவற்றையும் கொட்டினோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாற்றம் காப்பாற்றியது. ஆபத்து அரைகுறை மின்தடையில்தான். சில வருடம் கழித்து நாங்கள் சென்னையில் பையன் வீட்டுக்குப் போயிருந்தபோது இங்கே ஒன்றரை நாள் கரண்ட் இல்லையாம். திரும்பி வந்து பார்த்தால் ஃப்ரீசரில் வஞ்சிரம் கல் மாதிரி இருந்தது. இளகி மறுபடி உறைந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? வறுத்துச் சாப்பிட்டோம். அரைமணியில் அவள் முகமெல்லாம் சிவந்து, உடம்பெல்லாம் தடிப்பு, மண்டையிடி, வாந்தி. ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரி. வஞ்சிரம், சூரை, மத்தி மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகுமாம். உறையவைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது என்றார் டாக்டர். நாற்றமும் இருக்க வேண்டியதில்லையாம்.

"நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். சோற்றிலும் அதே கதை. அரிசியில் ஒட்டியிருக்கும் ஒரு கிருமியின் வித்து உலைக்கொதியையே தாங்கும். சோற்றை வெளியே வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்தால் அது முளைத்து நஞ்சு கக்கும். பிறகு எவ்வளவு சுடவைத்தாலும் அந்த நஞ்சு அசையாது. "பழைய சோறு சாப்பிட்டே வளர்ந்தோமே" என்று கிளம்பாதீர்கள். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டது. அந்தப் புளிப்பு பல கிருமிகளை அடக்கும். விடிந்ததும் சாப்பிட்டும் விடுவோம். மதியச் சோற்றைக் குக்கரிலேயே ராத்திரிவரை மூடி வைப்பதும் அதுவும் ஒன்றா?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது சின்ன விஷயம்தான். ஆக்கியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது, ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அதிலும் ரொம்ப நாள் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தோடு உள்ளே தள்ளினால் நடுவில் சூடு ஆறாது. அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். உறைந்த மீனை அடுப்படி மேடையில் போட்டு இளக்காமல், முதல்நாளே கீழ்த்தட்டில் இறக்கிவிடுங்கள். எல்லாவற்றையும்விட, இரண்டு பேருக்கு இரண்டு பேர் அளவு ஆக்குங்கள். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய் இருபது வருடமாகியும் நம் வீட்டு உலைப்பானை இன்னும் ஆறு பேருக்குத்தான் கொதிக்கிறது.

இப்போது எங்கள் ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசு வைத்திருக்கிறேன். ஊருக்குப் போய் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். காசு உள்ளே இறங்கியிருந்தால் நடுவில் இளகியிருக்கிறது என்று அர்த்தம். போன மாதம் இறங்கியிருந்தது. இருந்த மீனையெல்லாம் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.