எல்லாரும் போனா நானும் வாரேன்

"மக்களுக்குப் பிடிக்காததைச் செய்தால் மக்கள் விட்டுட்டுப் போயிடுவாங்க, கம்பெனி தானா வழிக்கு வரும்." வாட்ஸ்அப், ஃபேஸ்புக் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். டீக்கடையிலும் கேட்கிறேன், தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்கிறேன். இது பொய். நம்மைக் கைகட்டி உட்கார வைக்கிற பொய் என்பதால் எனக்கு இதன்மேல் தீராத கோபம்.

2021 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். புதிய நிபந்தனைகளைப் பிப்ரவரி 8க்குள் ஏற்றுக்கொண்டால்தான் தொடரலாம் என்று வாட்ஸ்அப் எல்லோர் போனிலும் அறிவிப்புக் காட்டியது. நம் தகவல் ஃபேஸ்புக் கைக்குப் போகிறது என்று நாடே கொதித்தது. சிக்னல் செயலியைப் பயன்படுத்துங்கள் என்று எலான் மஸ்க் எழுதினார். 72 மணி நேரத்தில் 2.5 கோடிப் பேர் புதிதாக வந்ததாக டெலிகிராம் சொன்னது. வாட்ஸ்அப் கெடுவை மே 15க்குத் தள்ளி வைத்தது. நிபந்தனையைத் திரும்பப் பெறவில்லை. அந்தப் பிப்ரவரியில் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி இந்தியாவில் வாட்ஸ்அப் வைத்திருந்தவர்கள் 53 கோடி.

அந்த ஜனவரியில் இராஜபாளையத்தில் எங்கள் தெருக் குழுவை வேறொரு செயலிக்கு மாற்ற நானும் முயன்றேன். நாற்பது பேருக்கு மேல் இருந்த குழு. பதினொரு பேர் வந்தார்கள். ஒரு வாரம் காலை வணக்கமும் பூப்படமும் ஓடின. எட்டாம் நாள் விடியற்காலையில் குழாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். "தண்ணி வந்துருச்சு" என்ற செய்தி பழைய குழுவில்தான் வந்தது. புதுக் குழுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மதினி ஒருவர் எழுந்து வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி அவர் என் வாசலில் நின்றதை இன்னும் மறக்கவில்லை. அன்று மாலையே எல்லோரும் பழைய குழுவுக்குத் திரும்பினோம், நான் உட்பட.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரர் ஒருவரை எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் போனைப் பார்த்தால் விஷயம் விளங்கும். நூல் வியாபாரி அனுப்பிய குரல் செய்தி, பில்லின் புகைப்படம், லாரியில் ஏற்றிய பேலுக்கான ரசீது, தறி ஓட்டுகிறவர் "இன்னைக்கு லீவு அண்ணாச்சி" என்று போட்ட ஒற்றை வரி. புது நிபந்தனை அவருக்கும் பிடிக்கவில்லை. "என் ரேட்டு எவனுக்குத் தெரியணும்?" என்று கத்தினார். அப்போ மாறிடலாமே அண்ணாச்சி என்றேன். "எல்லாரும் போனா நானும் வாரேன் தம்பி. நான் மட்டும் போயி யாருகிட்ட பேச?"

அந்தக் கேள்விக்கு "போய்விடுவார்கள்" கட்சிக்காரர்களிடம் பதில் கிடையாது. அவர்கள் 2010இல் நடந்த டிக் (Digg) என்ற இணைப்புப் பகிர்வுத் தளத்தின் கதையை எடுத்து வருவார்கள். தளத்தையே புரட்டிப் போட்டார்கள், பயனர்கள் கூட்டமாக ரெடிட்டுக்குப் போனார்கள், டிக் நொடித்தது. நடந்தது உண்மைதான். ஆனால் அங்கே முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த இணைப்புகளைப் படித்தார்கள், அதை வேறிடத்திலும் படிக்கலாம். நூல் வியாபாரியையும் லாரி ஆபீஸையும் மதினியையும் அப்படிக் கையோடு கூட்டிக்கொண்டு போக முடியாது.

அப்படியானால் நம் சனங்கள் சோம்பேறிகளா? அதையும் சொல்கிறார்கள். அக்கறை இருந்தால் விலகியிருப்பார்களாம். அப்படியில்லை என்பதற்கு டிக்டாக்கே சாட்சி. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. ஆடிப் பாடி வீடியோ போட்டுக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக அங்கே குடியேறினார்கள்! எல்லோருக்கும் ஒரே நாளில் கதவு மூடியதால் எல்லோரும் ஒன்றாக நகர்ந்தார்கள். தனியாகப் போகச் சொன்னால்தான் கால் எழவில்லை.

ஒரு செயலிக்குக் கூட்டம் திரண்ட கதை எங்கள் பக்கத்திலும் உண்டு. இராஜபாளையத்திலிருந்து சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிற ஸோஹோவின் அரட்டை செயலிமீது எனக்குப் பெரும் பாசம் உண்டு. 2025 செப்டம்பர் கடைசியில், தினமும் 3,000 பேர் சேர்ந்த இடத்தில் மூன்றே நாளில் அது தினமும் 3.5 லட்சம் பேராக உயர்ந்ததாக ஸோஹோவின் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னபோது மனசு நிறைந்தது. அப்போதும் சுதேசி அழைப்புதான் கூட்டத்தைத் திரட்டியது, வாட்ஸ்அப் மீதான கோபம் திரட்டவில்லை. எங்கள் தெருவுக்கு இன்றும் தண்ணீர்ச் செய்தி பழைய குழுவில்தான் வருகிறது.

வாட்ஸ்அப்பை அசைத்தது எது என்று பார்த்தால், ஆள்கள் விலகியது இல்லை, சட்டம். அதே 2021இல் ஐரோப்பியர்களுக்கு வாட்ஸ்அப் வேறு நிபந்தனை வைத்தது. அங்கே 2018 முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது, நமக்கு அப்போது இல்லை. 2024 மார்ச் முதல் அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டம், வேறு செயலியில் இருப்பவர்களும் வாட்ஸ்அப்பில் இருப்பவர்களோடு பேச வழி திறக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. இங்கே இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில்தான் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தரவு பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, தடையை நீக்கிவிட்டது. அன்று எந்த டீக்கடையிலும் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. விட்டுட்டுப் போயிடுவாங்க என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்குத் தீர்ப்பாயத்தில் என்ன வேலை?

விதி போட்டுக் கம்பெனியை வழிக்குக் கொண்டுவருவது நமக்குப் புதிதும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடைக்காரர் பெட்டியில் போன் நம்பரை அச்சடித்திருப்பார். கம்பெனி எவ்வளவு படுத்தினாலும், நம்பர் போய்விடுமே என்று பொறுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி வந்தது. எந்தக் கம்பெனியும் மனமிரங்கிக் கொடுத்த வசதி இல்லை அது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி. நம்பரும் பெட்டியும் அப்படியே இருக்க, பிடிக்காத கம்பெனியை விட்டு, ஒரு குறுஞ்செய்தியில் தொடங்கி, வேறு கம்பெனிக்கு மாறினார்கள். சத்திரப்பட்டி அண்ணாச்சி கேட்பதும் அப்படியொரு விதியைத்தான். அவர் எந்தச் செயலியில் இருந்தாலும் நூல் வியாபாரியின் ரேட்டு அவர் போனுக்கு வந்து சேர வேண்டும்.