கட்சி கட்டும் இரசனை

ஒரு செயலைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் "என்ன நடந்தது?" என்று வினவுவது அறிவின் இயல்பு. "யார் செய்தது?" என்று வினவுவது கட்சியின் இயல்பு. முதல் வினாவை எழுப்புபவன் உண்மையைத் தேடிப் புறப்படுகிறான். இரண்டாவது வினாவை மட்டும் எழுப்புபவனோ, தீர்ப்பை முன்கூட்டியே மடியில் முடிந்துகொண்டு வருகிறான். செய்தவர் தம்மவர் எனில் அது திறமை. மாற்றார் எனில் அதுவே சூழ்ச்சி. இந்நோய் அரசியல் மேடையில் மட்டும் உறைவதன்று. ஆட்டக்களத்தின் இருக்கைகளிலும் இசையரங்கின் வாயிலிலும் அது செழித்து வளர்கிறது. அங்கே 'இரசனை' என்னும் இனிய பெயரையும் சூடிக்கொள்கிறது.

அமெரிக்க மக்கள் தமக்கே உரியவை என்று பெருமை பேசுவனவற்றுள் பேஸ்பால் ஆட்டமும் ஜாஸ் இசையும் தலையாயவை. இவ்விரண்டைப் பற்றியும் அந்நாட்டு இரசிகர்கள் நூறாண்டாக ஓயாது வாதிட்டு வருகின்றனர். எந்த ஆட்டக்காரரைக் கைவிட்டது மடமை? எந்தக் குழு வஞ்சித்து வென்றது? எந்தக் கலைஞர் வாசிப்பது இசை, எவர் வாசிப்பது இரைச்சல்? இவ்வாறு வாதிடுவது குற்றமன்று. வாதம் இல்லாத இடத்தில் கலையும் இல்லை, ஆட்டமும் இல்லை. வாதத்தில் நடுவுநிலை இல்லாமையே குற்றம். அதனால் விளைந்த கேடுகள் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தரும்.

பின்னாள் அறிவு

பேஸ்பால் குழுக்கள் தம் ஆட்டக்காரர்களைத் தமக்குள் மாற்றிக்கொள்வது வழக்கம். 1964 ஜூன் 15-இல் சிக்காகோ கப்ஸ் குழு, லூ பிராக் என்னும் இளைஞரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவுக்கு அனுப்பி, எர்னி பிரோக்லியோ என்னும் பந்தெறிபவரைப் பெற்றது. இருபுறமும் வேறு சிலரும் மாறினர். பிரோக்லியோ முந்திய ஆண்டில் 18 ஆட்டங்களை வென்றவர். பிராக் இன்னும் நிலைபெறாதவர். ஆகவே சிக்காகோவில் மகிழ்ச்சி பொங்கியது. செயின்ட் லூயிசில் முணுமுணுப்பு எழுந்தது.

காலம் வேறு தீர்ப்பு எழுதியது. பிரோக்லியோவின் கையில் ஏற்பட்ட கோளாற்றால் அவர் கப்ஸ் குழுவுக்காக வென்றவை ஏழே ஆட்டங்கள். பிராக் வந்த அதே ஆண்டில் கார்டினல்ஸ் குழு, நியூயார்க் யாங்கீஸ் குழுவை வீழ்த்தி உலகத் தொடரைக் கைப்பற்றியது. மட்டையாளர் அடிக்காமலேயே ஓடித் தளத்தைக் கைப்பற்றுவதில் பிராக் 938 முறை வெற்றி கண்டு, 1985-இல் பெரும்புகழ்க் கூடத்தில் இடம்பெற்றார்.

இன்று 'பிராக், பிரோக்லியோ' என்று சொன்னாலே மடத்தனமான மாற்றத்துக்கு மறுபெயர் என்று பொருள். அன்று கைதட்டிய கூட்டத்தின் வழிவந்தவர்கள், குழுவின் நிர்வாகிகள் மட்டுமே குருடர்களாய் இருந்தனர் என்று ஏசுகின்றனர். தம் கூட்டம் தவறியிருக்கக்கூடும் என்று ஏற்க மனம் ஒவ்வாதபோது, நினைவையே திருத்தி எழுதிக்கொள்கிறது கட்சிப் பற்று. ஒரு முடிவை மதிப்பிட வேண்டுமாயின், முடிவெடுத்த நாளில் கையில் இருந்த செய்திகளைக் கொண்டு மதிப்பிடுவதே முறை. விளைவைப் பார்த்துவிட்டு வினையைப் பழிப்பது, விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வெழுதுவது போன்றது.

குப்பைத் தொட்டியின் ஓசை

நினைவைத் திருத்துவதாவது சிறு பிழை. வஞ்சனையை மூடிமறைப்பது பெரும்பிழை.

பேஸ்பால் ஆட்டத்தில் பந்து பிடிப்பவர், அடுத்து எவ்வகைப் பந்தை எறிய வேண்டும் என்று விரல்களால் சைகை காட்டுவார். அச்சைகையை மட்டையாளர் முன்னரே அறிந்துகொண்டால், பந்தெறிபவரின் கலை முழுதும் வீணாகும். களத்தில் நிற்பவர் தம் கண்ணால் கண்டு ஊகிப்பதை ஆட்டம் பொறுத்துக்கொள்கிறது. கருவிகொண்டு களவாடுவதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

2017-ஆம் ஆண்டு உலகத் தொடரை வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் குழு, தன் சொந்தக் களத்தில் கேமராவின் வழியே அச்சைகைகளைத் திருடியது. திருடிய செய்தியை, ஆட்டக்காரர்கள் இருக்கும் இடத்துக்கு அருகே குப்பைத் தொட்டியைத் தட்டி மட்டையாளருக்கு அறிவித்தது. அக்குழுவில் ஆடிய மைக் ஃபயர்ஸ் என்னும் பந்தெறிபவரே 2019 நவம்பரில் இதை வெளிப்படுத்தினார். 2020 ஜனவரியில் ஆட்டத்தின் ஆணையர் தீர்ப்பளித்தார். பொது மேலாளரும் பயிற்றுநரும் ஓராண்டு விலக்கப்பட்டனர்; குழு அவர்களைப் பணிநீக்கம் செய்தது. குழுவுக்கு 50 இலட்சம் டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஆயினும் உண்மையைச் சொல்லப் பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தமையால் ஆட்டக்காரர் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வெற்றிப் பட்டமும் பறிக்கப்படவில்லை.

அப்போது ஹூஸ்டன் இரசிகர் பலர் கூறிய மறுமொழி என்ன? "எல்லோரும்தான் செய்தார்கள், அகப்பட்டது எங்கள் குழு மட்டுமே" என்பது. உண்மையைச் சொன்ன ஃபயர்ஸ் காட்டிக்கொடுத்தவர் எனத் தூற்றப்பட்டார். திருடியவனை விடுத்துத் திருட்டைச் சொன்னவனைச் சினக்கும் ஊர் எப்படி உருப்படும்?

ஏனைய ஊர்களின் இரசிகர்கள் மட்டும் தூயவர்களா? பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆகிய குழுக்களின் பகை நூறாண்டுப் பழமையுடையது. பாஸ்டன் உரிமையாளர் பேப் ரூத் என்னும் பெருவீரரை நியூயார்க்குக்கு விற்ற செய்தி 1920 ஜனவரியில் வெளியானது. அதன்பின் பாஸ்டன் 2004 வரை உலகத் தொடரை வெல்லவில்லை. அந்தப் புண் தலைமுறை தலைமுறையாக ஆறாமல் இருந்தது. 2017 செப்டம்பரில், மின்னணுக் கைக்கடிகாரத்தின் துணையால் யாங்கீஸ் குழுவின் சைகைகளைத் திருடியதற்காகப் பாஸ்டனுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. நியூயார்க் இரசிகர்கள் எக்களித்தனர். ஆனால் 2022-இல் வெளியான ஆணையரின் கடிதம் ஒன்று, 2015, 2016-ஆம் ஆண்டுகளில் யாங்கீஸ் குழுவும் காணொளி அறையைப் பயன்படுத்திச் சைகைகளைக் களவாடியதையும், அதற்கு ஓர் இலட்சம் டாலர் தண்டம் செலுத்தியதையும் காட்டியது. இப்போது எக்களிப்பு இடம் மாறியது. இரு நகரங்களிலும் வஞ்சனையை வஞ்சனை என்று வெறுத்தவர் சிலரே. மாற்றாரின் வஞ்சனையை மட்டும் வெறுத்தவர் பலர்.

"ஆட்டந்தானே! இதனால் யார் குடி முழுகியது?" என்று வினவுவோர் உண்டு. 2017 ஆகஸ்டு 4-இல் டொரன்டோ குழுவின் பந்தெறிபவர் மைக் போல்சிங்கர் ஹூஸ்டன் களத்தில் இறங்கினார். அவர் எறிந்தவை 29 பந்துகள். வீழ்த்தியது ஒருவரை. விட்டுக்கொடுத்தவை 4 ஓட்டங்கள். அதன்பின் அவர் கீழ்நிலைக் குழுவுக்கு அனுப்பப்பட்டார். உயர்நிலை ஆட்டத்தில் மீண்டும் அவர் பந்தெறியவே இல்லை. அந்த ஓர் இரவு மட்டுமே அவர் வாழ்வை முடித்தது என்று உறுதிகூற இயலாது. ஆனால் நேர்மையான களத்தில் தோற்கும் உரிமைகூட அவருக்கு அன்று மறுக்கப்பட்டது. "எல்லோரும் செய்தார்கள்" என்னும் சொல் அவர் முகத்தை நோக்கிச் சொல்லத் தக்கதா?

பூசணம் பூத்த அத்திப்பழம்

ஆட்டத்திலாவது வெற்றியும் தோல்வியும் எண்ணிக்கையால் புலப்படும். இசையில் அந்த அளவுகோலும் இல்லை. ஆதலால் கட்சிக்கு அங்கே கட்டுப்பாடும் இல்லை.

1940-களில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி முதலியோர் 'பீபாப்' என்னும் புதிய நடையைக் கொணர்ந்தபோது ஜாஸ் இரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. பழைய நியூ ஆர்லியன்ஸ் இசையே இசை என்போர், புதியதைப் பொருளற்ற இரைச்சல் என்றனர். புதியதைப் போற்றுவோர், பழைமைவாதிகளைப் 'பூசணம் பூத்த அத்திப்பழங்கள்' என்று எள்ளினர். 1947-இல் இரு கட்சிகளின் சார்பிலும் இசைக் குழுக்களை வானொலியில் மோதவிட்டு, நேயர்களிடம் வாக்குக் கேட்கும் அளவுக்குப் பூசல் வளர்ந்தது.

பழைமைக் கட்சி தன் கொடியாகப் பிடித்தவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். புதுமைக் கட்சியின் கொடி கில்லஸ்பி. தொடக்கத்தில் அவ்விருவரும் ஒருவர்மீது ஒருவர் கடுஞ்சொல் வீசியது உண்மையே. ஆனால் அவர்கள் கலைஞர்கள். நியூயார்க் குவீன்ஸ் பகுதியில் அருகருகே வாழ்ந்தனர். 1959-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரே மேடையில் நின்று சிரித்துப் பாடி டிரம்பெட் வாசித்தனர். கொடிகளே தழுவிக்கொண்ட பின்னும் கொடி பிடித்தோர் சண்டையை நிறுத்தவில்லை.

1961-இல் 'டவுன்பீட்' இதழின் திறனாய்வாளர் ஒருவர் ஜான் கோல்ட்ரேன், எரிக் டால்ஃபி ஆகியோரின் வாசிப்பை 'ஜாஸ் எதிர்ப்பு' என்று பழித்தார். 1965-இல் அதே இதழின் வாசகர்கள் கோல்ட்ரேனை அவ்வாண்டின் தலைசிறந்த கலைஞராகத் தேர்ந்தெடுத்தனர். நான்கே ஆண்டுகள்! செவிகொடுத்துக் கேட்பதற்கு முன் நாக்கைப் பழக்கியவர்களின் தீர்ப்பு எத்துணை விரைவில் உதிர்கிறது!

கண்ணைக் கட்டியபின்

இந்நோய்க்கு மருந்து உண்டா எனில், உண்டு. லெனர்டு ஃபெதர் என்னும் இசைத் திறனாய்வாளர் 1946 முதல் ஒரு முறையைக் கையாண்டார். கலைஞர் ஒருவரை அமர்த்தி, பெயர் சொல்லாமல் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுக் கருத்துக் கேட்பார். அதற்குக் 'கண்கட்டுச் சோதனை' என்று பெயர்.

1951-இல் ராய் எல்ட்ரிட்ஜ் அச்சோதனைக்கு உடன்பட்டார். கறுப்பினத்தைச் சேர்ந்த இப்பெரும் டிரம்பெட் கலைஞர் வெள்ளையர் குழுக்களில் வாசித்தபோது சொல்லொணா இழிவுகளைச் சுமந்தவர். உடன் வாசித்தோர் தங்கும் விடுதியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வாயிலில் அவர் பெயரே எழுதியிருந்த அரங்கினுள்ளும் அவரை விட மறுத்தனர். அத்தகையவர், வாசிப்பைக் கேட்ட மாத்திரத்தில் வாசிப்பவர் கறுப்பரா வெள்ளையரா என்று கூறிவிட முடியும் என நம்பியதில் வியப்பில்லை; அந்நம்பிக்கை புண்ணிலிருந்து பிறந்தது. ஆயினும் சோதனையில் அவர் பலமுறை தவறினார். தவறியதும் சினங்கொள்ளவில்லை, சாக்குச் சொல்லவில்லை, தாம் தோற்றதை ஒப்புக்கொண்டார். இழிவு சுமந்த ஒருவருக்கு இயன்ற நேர்மை, இருக்கையில் சாய்ந்திருக்கும் இரசிகனுக்கு இயலாதா?

ஆசிரிய உலகம் இம்முறையை நன்கு அறியும். பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவன் தன் பெயரை எழுதாமல் எண்ணை எழுதுவது ஏன்? திருத்துபவர் தீயவர் என்பதாலன்று. நல்லவர் கையும் தெரிந்த பெயரைக் கண்டால் சற்றே சாயும் என்பதால். 'நடுவு நிலைமை' என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார் வள்ளுவர். அது தானாக வாய்க்கும் குணமாயின், அதற்கென அதிகாரம் வகுக்க வேண்டியிராது.

எண்ணியவர்

"அப்படியாயின் எக்குழுவின்மீதும் எக்கலைஞர்மீதும் அன்பு கொள்ளலாகாதா?" என்று ஒரு மாணவன் கேட்கலாம். தாராளமாகக் கொள்ளலாம். அன்புக்கும் கட்சிக்கும் உள்ள வேற்றுமையை ஹூஸ்டன் நகரக் குழுவின் இரசிகர் ஒருவரே உலகுக்குக் காட்டினார்.

ஆஸ்ட்ரோஸ் குழுவின் வஞ்சனை வெளிப்பட்டதும் அவர் வசை பாடவில்லை. வக்காலத்து வாங்கவும் இல்லை. 2017-இல் அக்குழு தன் சொந்தக் களத்தில் ஆடிய ஆட்டங்களுள் 58-இன் காணொளிகளைத் தேடியெடுத்தார். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பந்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். குப்பைத் தொட்டியின் ஓசை 1,143 பந்துகளுக்கு முன் எழுந்ததைக் குறித்துவைத்து, 2020 ஜனவரியில் அனைவரும் காண வெளியிட்டார். போல்சிங்கர் எறிந்த அந்த 29 பந்துகளில் 12-க்குத் தொட்டி ஒலித்தது என்பதும் அக்கணக்கினாலேயே தெரியவந்தது. தான் நேசித்த குழுவின் களங்கத்தை, மாற்றார் எவரும் செய்யாத அளவுக்குத் துல்லியமாக எண்ணியவர் அவர். அவர் இரசிகரல்லர் என்று யார் சொல்ல முடியும்?

மாணவர்தம் பட்டிமன்றத்திலும் இலக்கியக் கூட்டத்திலும் இத்தகையோரையே உருவாக்க வேண்டும். ஒரு கவிஞரைப் போற்றும் மாணவனிடம் அக்கவிஞரின் நலிந்த பாடல் எது என்று கேட்க வேண்டும். பழிப்பவனிடம் அவருடைய சிறந்த பாடல் எது என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் விடை கூறத் தெரியாதவன் இன்னும் படிக்கவில்லை. கட்சியில் மட்டுமே சேர்ந்திருக்கிறான். ஆட்டத்தில் தன் குழுவின் வஞ்சனைக்குச் சாக்குத் தேடிப் பழகிய நாக்கு, நாளை சங்கத்தின் கணக்கிலும் ஊரின் வழக்கிலும் அதே சாக்கைத்தான் தேடும். அந்நாக்கைத் திருத்துவதற்கு உரிய இடம் வகுப்பறை; உரிய காலம் இளமை.