பலூவுக்குக் கருணை வேண்டாம், கணக்குப் போதும்

டெஸ்ட் கிரிக்கெட் ஆடாத பல்வங்கர் பலூவை மாபெரும் பந்துவீச்சாளர் என்பது வெறும் அனுதாபம் என்கிறது கொல்கத்தாவின் டாக்குரியாவில் ஒரு தேநீர்க்கடை வாதம். ஏற்க முடியாது. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932-இல் அவருக்கு வயது 56. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் இந்த இடக்கைச் சுழலர் வீழ்த்தியவை 114 விக்கெட்டுகள். எதிரணிகள் சோப்ளாங்கிகள் என்பார்கள். முதல்தர ஆட்டங்களை மட்டும் எண்ணினாலும் 75 தேறும், அதுவும் பழகாத ஆடுகளங்களில்.

இந்துக்கள் அணிக்குக் கேப்டன் ஆகவில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். அதற்குக் காரணம் சாதி. டாக்குரியாவில் எல்லோரும் குடிக்கும் அதே மண்குவளையில்தான் புனேயில் அவருக்குத் தேநீர். ஆனால் அவருக்கு மட்டும், பெவிலியனுக்கு வெளியே. அவர் வீசிய பந்தைத் தொட்ட சக வீரர்கள் அவருடன் சேர்ந்து உண்ண மறுத்தார்கள். சாதி பறித்த பதவியைத் திறமைக் குறைவுக்குச் சான்றாக்குவது அநியாயம். தம்பி விட்டல் 1923-இல் இந்துக்கள் அணிக்குத் தலைமையேற்றபோது, பலூவின் ஆட்டக்காலம் முடிந்துவிட்டிருந்தது.