சண்டியர்களைக் கூட்டி வந்தது யார்?

இந்த இதழுக்கு வந்த கதைகளில் ஒன்று, கணக்குக் கொப்பித் தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் மலையகத்தின் டயகமவைச் சேர்ந்த தம்பி ஒருவர்; கொழும்பு புறக்கோட்டையில் புடவைக் கடையொன்றில் வேலை. ஊர் பேர் தெரியாத ஒருவன் கொழும்புக்கு வருகிறான். இரண்டு பாதாள உலகக் குழுக்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அழிக்கிறான். பிறகு வந்த வழியே போய்விடுகிறான். விறுவிறுப்பான கதை, ஒரே மூச்சில் படித்தோம்.

இந்த வகைக் கதைக்கு நீண்ட பரம்பரை உண்டு. 1961இல் குரோசாவாவின் 'யொஜிம்போ', 1964இல் செர்ஜியோ லியோனியின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' என்று திரையில் உலகம் சுற்றியது. அவற்றுக்கெல்லாம் முன்னால், 1929இல் நூலாக வந்தது அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹம்மெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்'. மலையகத்தார் அவசியம் அறிய வேண்டிய நாவல் அது. ஏனென்றால் அதில் வரும் ஊர் ஒரு சுரங்க நகரம். தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை உடைக்கச் சுரங்க முதலாளிதான் சண்டியர்களைக் கூட்டி வருகிறார். வேலைநிறுத்தம் அடங்கிவிடுகிறது, வந்தவர்கள் போக மறுக்கிறார்கள். ஊரையே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஹம்மெட், வேலைநிறுத்தங்களை உடைப்பதில் பேர்போன பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த உலகத்தை உள்ளிருந்து கண்டவர்.

வேலையும் கம்பனிக்குச் சொந்தம், குடியிருக்கும் லயமும் கம்பனிக்குச் சொந்தம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டுப் போராடியபோது பொலிஸார் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். சட்டையின்றிக் கத்தியோடு வருபவன் மட்டும்தான் குற்றவாளி என்று நம்பும் கதைக்குள் அந்தச் சாவு அடங்காது.

நகரத்துக்குப் போகும் ஊர் பேர் தெரியாதவன் யார் என்பதும் நமக்குத் தெரியும். அதிகாலைக் குளிரில், கையில் ஒரு பையோடு டயகமவில் பஸ் ஏறுகிற நம் பிள்ளைதான் அவன். கதையில் கதாநாயகன் வென்று திரும்புவான். ஆனால், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போய் உயிரோடு திரும்பாத பிள்ளையை அழுது அடக்கம் செய்த ஊர் டயகம.

மர்மக் கதையை மட்டமாக நினைப்பவர்கள் நாங்கள் இல்லை. குற்றத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு பணம் இருக்கும் இடம்வரை போகக்கூடிய வடிவம் அது. மலையகத்தில் அதை எழுத ஆள் வேண்டும். கடையின் பின்கட்டில் படுத்துறங்கும் பையன்களைப் போல நகரத்தை அறிந்தவர் எவர்?

தம்பி, உங்கள் கதையைத் திருப்பி அனுப்புகிறோம். குறை சொல்ல அல்ல. இன்னும் இரண்டு பக்கம் எழுதுங்கள். அந்த இரண்டு குழுக்களுக்கும் சம்பளம் கொடுப்பவர் யார் என்பது ஒரு பக்கத்தில் வரட்டும். மற்றதில், உங்கள் நாயகன் எந்தத் தோட்டத்துப் பிள்ளை, அவனுக்காக எந்த லயத்து வாசலில் யார் காத்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் வைத்திருக்கிறோம்.