எந்த நாளில் கேட்கலாம்? ஆப்ஷனில் கவனிக்க வேண்டியது

வாழைத் தோப்புக்கு அச்சாரம் கொடுத்த வியாபாரி, தார் வெட்டும் சமயத்தில் விலை இறங்கிவிட்டால் அச்சாரத்தை விட்டுவிட்டுப் போவதுண்டு. வாங்கும் உரிமை அவருக்கு உண்டு, கட்டாயம் இல்லை. இதையே திருப்பிப் போட்டு, குறித்த விலைக்கு விற்கும் உரிமையை விவசாயி ஒரு தொகை கட்டி வாங்கிக்கொள்ளலாம். முன்பேரச் சந்தையில் அதற்கு ஆப்ஷன் என்று பெயர். கட்டும் தொகை பிரிமியம். விலை ஏறினால் பிரிமியம் மட்டுமே நஷ்டம்.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்து வைத்திருந்த இந்த வியாபாரத்தை 2017-ல் செபி அனுமதித்தது. விளைபொருளில் முதலாவதாக 2018 ஜனவரியில் கொத்தவரை விதைக்கு, அதாவது வடக்கே குவார் என்பதற்கு, என்.சி.டி.இ.எக்ஸ். சந்தையில் ஆப்ஷன் வந்தது. பிரிமியம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்டார்கள். உரிமையை எந்த நாளில் பயன்படுத்தலாம் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

தவணை முடியும் அந்த ஒரு நாளில் மட்டும் பயன்படுத்தலாம் என்பது ஐரோப்பிய முறை. தவணைக்குள் எந்த வேலை நாளிலும் பயன்படுத்தலாம் என்பது அமெரிக்க முறை. இடையில் குறிப்பிட்ட சில நாட்களை மட்டும் அனுமதிப்பது பெர்முடா முறை. பெயருக்கும் ஊருக்கும் சம்பந்தம் தேட வேண்டாம். குவாருக்கு வந்தது ஐரோப்பிய முறை.

ராஜஸ்தானில் ஆடி மழையில் விதைத்த குவார் அக்டோபர், நவம்பரில் களத்துக்கு வருகிறது. குவிண்டால் ரூ.5,000-க்கு விற்கும் உரிமையை ரூ.150 கட்டி ஒருவர் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அக்டோபரில் சரக்கு குவிந்து விலை, முன்பேர விலை உட்பட, ரூ.4,400-க்கு விழுகிறது. கடன்காரர் வாசலில் நிற்கிறார். சரக்கை விற்றாக வேண்டும். நவம்பர் கடைசியில் தவணை முடியும்போது விலை ரூ.5,100-க்கு ஏறிவிட்டால் உரிமை வெறும் காகிதம். கைக்கு வந்தது ரூ.4,250. அமெரிக்க முறையாக இருந்தால் அக்டோபரிலேயே பயன்படுத்தி ரூ.600 வித்தியாசத்தைப் பெற்று, ரூ.4,850 பார்த்திருப்பார்.

தவணைக்கு முன்பே ஆப்ஷனை இன்னொருவருக்கு விற்றுவிடலாமே என்பார்கள் சந்தைக்காரர்கள். வாங்க ஆள் இருந்தால் சரிதான். 1936-ல் விதித்த தடை நீங்கி 1984-ல் ஆப்ஷன் திரும்பிய சிகாகோவில், சோளத்துக்கும் சோயாவுக்கும் வாங்குவோர் நிறைய; அங்கே இருப்பதோ அமெரிக்க முறை. வியாபாரம் மெலிந்த நம் சந்தையில்தான் ஒரே நாள் என்ற கட்டு இருக்கிறது. இது தலைகீழான ஏற்பாடு. எந்த நாளிலும் கேட்கும் உரிமைக்குப் பிரிமியம் சற்றுக் கூடலாம்தான். ஆனாலும் விற்கும் உரிமைக்காவது அதைத் திறந்துவிட்டு, கூடுதல் செலவு ஏற்பதா என்பதை விவசாயியே முடிவு செய்ய விட வேண்டும்.

அதுவரை ஐரோப்பிய முறை ஆப்ஷன் எடுப்பவர், சரக்கு கைக்கு வரும் மாதத்தைப் பார்க்காமல், அதை விற்கப்போகும் மாதத்தைப் பார்த்துத் தவணையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தவணை நாள்வரை சரக்கை அரசு அங்கீகாரம் பெற்ற கிடங்கில் போட்டு, ரசீதின் பேரில் வங்கியில் கடன் வாங்கிக் காத்திருக்க முடிந்தால், ஒரே நாள் உரிமையும் பயன்படும். அந்த வசதி இல்லாதவர், தவணைக்கு முன் ஆப்ஷனை வாங்கிக்கொள்ள ஆள் உண்டா என்று தரகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பிரிமியம் கட்டலாம்.